சவலைக் குட்டியின் வெப்பக் கணக்கு

வெள்ளைச் சுண்டெலி வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். ஒரே தாய், ஒரே இரவு, ஒரே கூடு. விடிந்து பார்த்தால் பத்துக் குட்டிகள். ஒன்பது ஒரே அளவில் இருக்க, பத்தாவது மட்டும் நோஞ்சான். நான்கைந்து நாளில் வித்தியாசம் இன்னும் கூடிவிடுகிறது. மற்றவை உருண்டு திரண்டு நெளிய, இது தோல் சுருங்கி ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. பார்க்கிறவர் மனம் கேட்குமா? பால் கிடைக்காமல் இளைத்துவிட்டது என்று முடிவு கட்டி, குட்டியை வெளியே எடுத்து, இங்க் ஃபில்லரில் பசும்பால் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுகிறார்கள். சில மணி நேரத்தில் குட்டி செத்துப்போகிறது.

பசித்த உயிருக்குப் பால் கொடுத்தும் அது ஏன் பிழைக்கவில்லை?

விடை தேடிப் போனால் பாலை விட்டுவிட்டு வெப்பத்திடம் போய் நிற்க வேண்டியிருக்கும். சவலைக் குட்டிக்கு முதல் ஆபத்து குளிர். பசி அதற்கு அடுத்ததுதான். மே மாதத்துச் சென்னையில் ஏது குளிர் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அது சற்றுத் தள்ளி வரும்.

பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை 1 முதல் 1.5 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தின் எடைக்கு ஏறக்குறைய மூன்று குட்டிகள் வேண்டும். தாய் வயிற்றில் அது இருப்பது 19 முதல் 21 நாள்தான் என்பதால் அரைகுறையாகவே வெளியே வருகிறது. உடம்பில் முடி இல்லை, கண் மூடியிருக்கிறது, காதுமடல் தலையோடு ஒட்டியிருக்கிறது. முடி முளைத்து உடம்பை மூட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கண் திறக்க 12 முதல் 14 நாள். அதுவரை தனியே விட்டால் அதன் உடல்சூடு சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை நோக்கி மளமளவென்று இறங்கிவிடும்.

ஏன் அவ்வளவு வேகம்? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். சமையற்கட்டில் அண்டா நிறைய இருக்கும் சாம்பார் மூன்றாம் பந்தி வரைக்கும் சுடச்சுட இருக்கிறது. அதிலிருந்து இலையில் ஊற்றிய ஒரு கரண்டி, அப்பளத்தை நொறுக்கி முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. சாம்பாரும் ஒன்று, சூடும் ஒன்று; அளவு மட்டும்தான் வேறு. சூடு பொருளின் உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறது. வெளியேறுவதற்கோ மேற்பரப்பு ஒன்றுதான் வழி. பொருள் சிறுக்கச் சிறுக்க அதன் கனஅளவு வேகமாகக் குறைகிறது, மேற்பரப்பு அந்த வேகத்தில் குறைவதில்லை. அதனால் ஒவ்வொரு கிராமுக்கும் வெளியே பார்த்திருக்கும் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. மூன்று கிலோ எடையுள்ள மனிதக் குழந்தையையும் ஒரு கிராம் சுண்டெலிக் குட்டியையும் ஒரே வடிவம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிராமுக்குக் கிராம் குட்டியின் தோல்பரப்பு குழந்தையுடையதைப்போல 14 மடங்கு. ஒரே கூட்டுக்குள்ளும் இதே கணக்கு வேலை செய்கிறது. உடன்பிறப்பின் எடையில் பாதி இருக்கும் சவலைக்கு, கிராமுக்குக் கால் பங்கு கூடுதல் தோல். அதாவது அது மற்றவற்றைவிட வேகமாக ஆறுகிறது. எரிக்க வேண்டிய சரக்கோ மற்றவற்றைவிடக் குறைவு.

உயிருள்ள உடம்புக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்பதை 1883-ல் ஜெர்மனியில் மாக்ஸ் ருப்னர் நாய்களை வைத்து அளந்து காட்டினார். குட்டை நாய், பெரிய நாயைவிடக் கிலோவுக்கு மிக அதிக ஆற்றலைச் செலவிடுகிறது. தோலின் பரப்பால் வகுத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. பின்னால் வந்தவர்கள் அவருடைய கணக்கைத் திருத்தினார்கள். சிறிய உடம்பு கிராமுக்கு அதிகம் செலவழித்தாக வேண்டும் என்ற அடிப்படை மட்டும் அப்படியே நிற்கிறது.

இயற்கை குட்டியை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. அதன் தோள்பட்டைகளுக்கு இடையே ஒரு சிறு கொழுப்புத் திண்டு இருக்கிறது. பழுப்புக் கொழுப்பு என்று பெயர். சாதாரணக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைக்கும்; இது ஆற்றலை எரித்து நேரடியாகச் சூடாக மாற்றும். நாம் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்வதுபோல நடுங்கத் தெரியாத வயதில், குட்டிக்கு இதுதான் அடுப்பு. இந்த அடுப்பை இயக்குவது செல்லின் ஆற்றல் நிலையங்களில் இருக்கும் ஒரு புரதம். அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 1997-ல் உருவாக்கிக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். அவற்றால் உடல்சூட்டைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஒன்று எதற்காக இருக்கிறது என்று அறிய, அதை எடுத்துவிட்டு என்ன கெடுகிறது என்று பார்ப்பது உயிரியலின் பழைய தந்திரம். ஆனால் இந்த அடுப்புக்கும் விறகு வேண்டும், விறகு பாலிலிருந்துதான் வர வேண்டும். பால் குடிக்காத குட்டி ஆறுகிறது. ஆறிய குட்டியால் உறிஞ்சிக் குடிக்க முடிவதில்லை. குடிக்காததால் இன்னும் ஆறுகிறது. சவலையைக் கொல்வது இந்தச் சுழல்தான்.

இதிலிருந்து தப்பக் குட்டிகளுக்குத் தெரிந்த முதல் வழி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடப்பது. பத்துக் கரண்டி சாம்பாரை மறுபடி ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் என்ன நடக்குமோ அதுதான்: பத்துச் சிறு உடம்புகள் சேர்ந்து ஒரு பெரிய உடம்பாகின்றன. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஆல்பர்ட்ஸ் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய எலியின் குட்டிகள் இப்படிக் குவிந்து கிடக்கும்போது தனித்தனியே இருப்பதைவிடக் குறைவான ஆக்சிஜனைச் செலவிடுவதை அளந்தார். படம் பிடித்து ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. குவியல் சும்மா கிடப்பதில்லை. குளிர்ந்தால் மேலே இருப்பவை உள்ளே புகுகின்றன. வெப்பம் கூடினால் உள்ளே இருப்பவை மேலே வந்துவிடுகின்றன. கண் திறக்காத குட்டிகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே சூட்டைச் சரிசெய்துகொள்கின்றன. குவியலிலிருந்து விலகிக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் அதனால்தான் கவலைப்பட வேண்டும். பலவீனத்தால் விலகியது, விலகியதால் இன்னும் பலவீனமாகிறது.

அப்படி விலகிப்போன குட்டி சும்மா இருப்பதில்லை, கூப்பிடுகிறது. நம் காதில் விழாது, அவ்வளவுதான். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். குட்டியின் அழைப்பு பெரும்பாலும் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. இதை மீயொலி என்கிறோம். 1956-ல் ஆய்வாளர்கள் சிப்பேலியஸும் ஷ்லைட்டும் இதற்கென்று கருவி வைத்துக் கேட்டபோதுதான், ஓசையே இல்லை என்று நினைத்த கூடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது தெரியவந்தது. தாய் அந்த அழைப்பைக் கேட்டு ஓடிவந்து குட்டியைக் கவ்விக் கூட்டில் சேர்க்கிறது. பிள்ளை பெறாத பெண் சுண்டெலி இதைக் கண்டுகொள்வதில்லை. 2015-ல் நியூயார்க்கில் பியான்கா மார்லின், ராபர்ட் ஃப்ரோம்கி குழுவினர் அத்தகைய பெண்களுக்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கிடைக்கச் செய்தபோது, அவையும் குட்டிகளைத் தூக்கிவரக் கற்றுக்கொண்டன. மூளையின் இடப்பக்கச் செவிப்புலப் பகுதி இதில் முக்கியமானது என்றும் கண்டார்கள். நமக்கு வேண்டிய செய்தி வேறு. உடம்பு மிகவும் குளிர்ந்துவிட்டால் எலிக்குட்டி கூப்பிடுவதையும் நிறுத்திவிடுகிறது. எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவு மௌனம். தாய் கைவிட்டுவிட்டது என்று நாம் சொல்லும் பல குட்டிகள், தாய்க்குக் கேட்காமல் போனவை.

பாலைவிடச் சூடு முந்தியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று மனிதக் குழந்தைகளிடமிருந்தே கிடைத்தது. 1958-ல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மனும் உடனிருந்தவர்களும் குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் இன்குபேட்டர் ஏறக்குறைய 29 டிகிரி, மற்றதன் இன்குபேட்டர் ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸ். மூன்று டிகிரி கூட இல்லாத இந்த வித்தியாசம், நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகளைக் கூடுதலாகப் பிழைக்க வைத்தது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கத் தொடங்கியதும் இதே அறிவைக் கொண்டுதான். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள்.

ஆகவே குளிர்ந்துபோன குட்டியைக் கையில் எடுத்தால் முதல் வேலை சூடேற்றுவது. உள்ளங்கைக் குழியில் வைத்துக்கொள்ளலாம். துணி சுற்றிய வெந்நீர்ப் பையின் மேல் ஒரு சிறு பெட்டியை, பாதி பைமேலும் பாதி வெளியிலுமாக வைக்கலாம். அரை மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற வேண்டும். பல்பின் நேர்வெளிச்சம் மெல்லிய தோலைச் சுட்டுவிடும். விறைத்துக் கிடக்கிறதே என்று உடனே தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். மிகவும் குளிர்ந்த நிலையிலிருந்து மீண்டுவரும் திறன் பிறந்த குட்டிகளுக்கு வியக்கத்தக்க அளவில் உண்டு. ஆய்வகங்களில் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு மயக்க மருந்துக்குப் பதிலாகக் குளிரூட்டலையே பயன்படுத்தி, பிறகு எழுப்பியிருக்கிறார்கள். சூடேறி, தோல் இளஞ்சிவப்பாகி, நெளியத் தொடங்கிய பிறகுதான் பால். குளிர்ந்த குடலில் பால் செரிக்காமல் தேங்கி வயிறு உப்பும். விழுங்கத் தெம்பில்லாத தொண்டையிலிருந்து நுரையீரலுக்குள் இறங்கும். முதல் பத்தியில் குட்டி செத்தது இப்படித்தான்.

சூடேற்றிய குட்டியைத் தாயிடம் திருப்பி விடுவதுதான் முதல் தெரிவு. மனித வாசனை பட்டால் தாய் தின்றுவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஆய்வகங்களில் குட்டிகளைத் தினந்தோறும் எடுத்து எடைபோட்டுத் திரும்ப வைக்கிறார்கள். பழகிய தாய் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தாயைச் சிறிது நேரம் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, கூட்டிலுள்ள பழைய காகிதத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு குட்டியைத் தொட்டால் இன்னும் நல்லது. வாசனை விஷயத்தில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 1976-ல் டைக்கரும் பிளாஸும் தாய் எலியின் காம்புகளைக் கழுவிவிட்டுப் பார்த்தார்கள். குட்டிகள் காம்பைப் பற்றவே இல்லை. குட்டிகளின் உமிழ்நீரைத் தடவியதும் மறுபடி பற்றிக்கொண்டன. கண் திறக்காத உயிருக்குக் காம்பின் முகவரி வாசனைதான். தாய் அழுக்காக இருக்கிறது என்று ஈரத்துணியாலோ சோப்பாலோ துடைக்கிறவர்கள் இந்த முகவரியை அழித்துவிடுகிறார்கள்.

பால் குடித்ததா என்று எப்படித் தெரியும்? முடி முளைக்கும் வரை தோல் கண்ணாடிபோல இருப்பதால் குட்டியின் வயிற்றில் இடப்பக்கம் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். அது பால் நிறைந்த இரைப்பை. பட்டை இருந்தால் தலையிட வேண்டாம். குட்டி சிறியதாக இருந்தாலும் குடிக்கிறது என்று பொருள்.

தாயே இல்லாமல் போய், கையால் ஊட்டியே ஆகவேண்டும் என்றால், பசும்பால் உதவாது. சுண்டெலிப் பாலில் கொழுப்பு சுமார் 13 சதவீதம், புரதம் சுமார் 9, பால்சர்க்கரை 3. பசும்பாலில் கொழுப்பு 4-ஐ ஒட்டி, புரதம் 3-க்குச் சற்று மேல், பால்சர்க்கரை 5-ஐ ஒட்டி. சூட்டுக்கு விறகு தேடும் உயிருக்கு இது நீர்த்த விறகு. கடையில் கிடைப்பதில் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு ஓரளவு நெருங்கி வருகிறது. வெதுவெதுப்பான பாலை மெல்லிய பெயின்ட் பிரஷின் நுனியில் எடுத்து, குட்டியைக் குப்புறப் பிடித்து நக்கவிட வேண்டும். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். முதல் வாரத்தில் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஊட்டியதும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றை மெல்ல வருட வேண்டும், ஏனென்றால் தாய் நக்கிவிடாமல் இந்த வயதில் குட்டிக்குச் சிறுநீர் கழிக்க வராது. இவ்வளவும் செய்தும் பிழைப்பவை சிலவே. என் கருத்தில், கையால் ஊட்டுவது கடைசி வழி. பாலூட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பெண் சுண்டெலி கிடைத்தால் அதுவே முதல் வழி. வீட்டுச் சுண்டெலிப் பெண்கள் இயல்பாகவே ஒரே கூட்டில் சேர்ந்து பிள்ளை பெற்று, யாருடைய குட்டி என்று பாராமல் பாலூட்டுகின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் பார்பரா கோனிக் குழுவினர் ஒரு தானியக் கொட்டகையில் தாமாக வாழும் சுண்டெலிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டொரு நாள் வயது வித்தியாசத்துக்குள் இருக்கும் குட்டிகளோடு, அந்தக் கூட்டின் காகிதத்தில் புரட்டி எடுத்து விட்டால் செவிலித்தாய் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

இவ்வளவு விவரம் சுண்டெலிக் குட்டியைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதே வளர்ப்பவர்கள் புண்ணியத்தால்தான். இங்கிலாந்தில் அழகுச் சுண்டெலி வளர்ப்போர் 1895-லேயே தேசியச் சங்கம் அமைத்துப் போட்டிகள் நடத்தினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற ஊரில், ஆசிரியை வேலையை விட்டுவிட்ட அபி லாத்ரப் என்ற பெண்மணி செல்லப்பிராணியாக விற்பதற்கென்று சுண்டெலிகளை வளர்த்தார். ஹார்வர்டு ஆய்வாளர்கள் அவரிடம் வாங்கத் தொடங்கினார்கள். அவர் பண்ணையின் 57-ஆம் எண் பெண் சுண்டெலியின் வழியில் 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் உருவாக்கிய இனம்தான் இன்று உலக ஆய்வகங்களில் மிகப் பரவலாக இருக்கும் கறுப்புச் சுண்டெலி.

சரி, அந்தப் பத்தாவது குட்டி முதலில் ஏன் சவலையானது? கதை கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. சுண்டெலியின் கருப்பை இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் கருக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி நஞ்சுக்கொடி. இரத்தம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. எண்ணிக்கை கூடினால் தலைக்கு வரும் பங்கும் குறைகிறது. பிறந்த பின் அடுத்த நெருக்கடி: தாய்க்குக் காம்புகள் பத்துதான். பன்றிக்குட்டிகள் ஆளுக்கொரு காம்பைத் தமக்கென்று பிடித்துக்கொள்கின்றன. சுண்டெலிகளிடம் அந்த ஒழுங்கு இல்லை, முந்தியது குடிக்கும். பன்னிரண்டு குட்டி போட்ட தாயிடம் யார் பின்தங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

பின்தங்கியது பிறகு எட்டிப் பிடிக்குமா? இதற்குத் தெளிவான விடை கண்டவர்கள் கேம்பிரிட்ஜின் எல்சி விடோசனும் ராபர்ட் மெக்கேன்ஸும். 1960-ல் வெளியான ஆய்வில் அவர்கள் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளைக் கலந்து மறுபடி பங்கிட்டார்கள். சில தாய்களுக்கு மூன்று குட்டி, சிலவற்றுக்கு 15 முதல் 20. பரம்பரை ஒன்றே, தீனி ஒன்றே. பந்தியின் நெரிசல் மட்டும் வேறு. மூன்று வாரத்தில் நெரிசலில் வளர்ந்தவை மற்றவற்றின் பாதி எடைகூட இல்லை. அதன்பின் எல்லாவற்றுக்கும் வேண்டிய மட்டும் தீனி போட்டார்கள். இடைவெளி மூடவே இல்லை. ஆயுள் முழுக்கச் சிறியவை சிறியவையாகவே இருந்தன. வளர்ந்த பிறகு சில வாரம் பட்டினி போட்ட எலிகளோ தீனி கிடைத்ததும் இழந்ததை மீட்டுக்கொண்டன. உடல் தன் இறுதி அளவை மிக இளம் வயதிலேயே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. சவலைக்கு உதவ நமக்குக் கிடைக்கும் காலம் முதல் மூன்று வாரம்தான்.

அந்த மூன்று வாரத்தில் செய்யக்கூடியது எளிது: நெரிசலைக் குறைப்பது. இங்கிலாந்துப் போட்டி வளர்ப்பாளர்கள் அதிகப்படிக் குட்டிகளைக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். செல்லமாக வளர்ப்பவருக்கு அது தேவையற்ற கொடுமை. பருத்த குட்டிகளில் பாதியைச் சூடான பெட்டியில் ஒரு மணி நேரம் தனியே வைத்து, அந்த நேரத்தில் சவலைகளைத் தாயிடம் விடலாம். நாளைக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் போதும். சவலையை மட்டும் தாயோடு தனித்து விட்டுவிடக் கூடாது. குவியல் இல்லாமல் அது ஆறிவிடும்.

இனி மே மாதத்துச் சென்னைக்கு வருவோம். குட்டிக்குச் சூடு வேண்டும் என்றால் நம் ஊர் வெயில் வரம்தானே? இங்கேதான் தாயின் கணக்கு குறுக்கே வருகிறது. பத்துக் குட்டிக்குப் பால் சுரக்கும் தாயின் உடம்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. உணவைப் பாலாக்கும் வேலையே வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேற வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஸ்பீக்மனும் எல்ஜ்பியேட்டா க்ருலும் பாலூட்டும் சுண்டெலிகளை 8, 21, 30 டிகிரி அறைகளில் வைத்துப் பார்த்தார்கள். குளிரில் இருந்த தாய் அதிகம் தின்றது, அதிகம் பாலும் சுரந்தது. 30 டிகிரியில் தின்பதும் சுரப்பதும் குறைந்தன, குட்டிகள் இளைத்தன. தாய்க்குத் தடையாக இருப்பது வயிற்றின் கொள்ளளவோ மடியின் திறனோ இல்லை, சூட்டை வெளியேற்ற முடியாமைதான் என்று அவர்கள் ஊகித்தார்கள். ஊகத்தைச் சோதிக்க அவர்கள் எடுத்த வழி அலாதியானது: பாலூட்டும் தாயின் முதுகு முடியை மழித்துவிட்டார்கள். 2007-ல் வந்த அந்த ஆய்வில், மழித்த தாய்கள் ஏறக்குறைய 15 சதவீதம் அதிக ஆற்றலைப் பாலாகக் கொடுத்தன, குட்டிகளும் அதே அளவுக்குக் கனத்தன. வேறு இனச் சுண்டெலிகளில் செய்தபோது எல்லா இடத்திலும் இதே விடை வரவில்லை, விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் யாரும் சவரக்கத்தியைத் தேட வேண்டாம்.

மைக்கேல் லியோன் குழுவினர் 1978-ல் எலிகளில் கண்டதும் இதோடு சேர்கிறது. தாய் கூட்டை விட்டு எழுந்து போவது பெரும்பாலும் அதன் உடம்பு சூடேறிவிடும்போதுதான். அறை வெப்பமாக இருந்தால் சீக்கிரமே எழுந்துவிடுகிறது. ஆக, குட்டிக்கு வேண்டியது முப்பதுகளின் நடுவில் இருக்கும் சூடு. தாய்க்கு வேண்டியது குளிர்ந்த காற்று. அறையைச் சூடாக்கினால் தாய் பாலைக் குறைக்கும். குளிராக்கினால் குட்டி ஆறும். இரண்டையும் ஒரே கூண்டுக்குள் தீர்ப்பது கூடுதான். அறை 22 முதல் 25 டிகிரியில் இருக்கட்டும், கூடு ஆழமாக இருக்கட்டும். பர்டூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரியானா காஸ்கில், கூடு கட்ட நிறையப் பொருள் கிடைத்த சுண்டெலிகள் வெப்பம் இழப்பது குறைந்து இனப்பெருக்கமும் மேம்படுவதைக் காட்டியிருக்கிறார். கிழித்த டிஷ்யூ பேப்பர் ஒரு கைப்பிடி தாராளமாகப் போடுங்கள், கட்டும் வேலையைத் தாய் பார்த்துக்கொள்ளும். நூலும் நீளப் பஞ்சும் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். மின்விசிறி நேராகக் கூட்டின் மேல் வீசக் கூடாது. மதிய வெயிலில் சூடேறும் மொட்டைமாடி அறையைத் தவிர்த்து, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் கூண்டை வைத்து, தாய் போய் ஒட்டிக்கொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் விட்டு வையுங்கள்.

முன்னேற்றத்தைக் கண்ணால் அளக்க முடியாது, தராசு வேண்டும். 0.1 கிராம் காட்டும் சிறிய மின்தராசு போதும். மூன்று வாரத்தில் 10 கிராமை எட்டும் குட்டி நாளுக்குச் சராசரியாக அரை கிராமை ஒட்டிக் கூடுகிறது. சிறியதாகப் பிறந்து, தினமும் சிறிதாவது கூடுகிற குட்டியைப் பற்றிப் பயம் வேண்டாம். நன்றாகப் பிறந்து இரண்டாம் வாரத்தில் நின்றுபோகிற குட்டியிடம் வேறு கோளாறு இருக்கலாம்: தலையில் நீர் கோத்து மண்டை புடைப்பது, முன்பற்கள் பொருந்தாமல் வளர்வது, அல்லது பரம்பரைக் குள்ளம். 1929-ல் ஜார்ஜ் ஸ்னெல் விவரித்த குள்ளச் சுண்டெலிகளுக்கு வளர்ச்சி ஹார்மோனே சுரப்பதில்லை. எத்தனை பால் ஊட்டினாலும் அவை வளராது. ஆனால் அதே வகைக் கோளாறுள்ள, ஏம்ஸ் என்ற இன்னொரு வகைக் குள்ளச் சுண்டெலிகள் உடன்பிறப்புகளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் வாழ்வதை 1996-ல் கண்டார்கள். ஆய்வகங்களில் குள்ளங்களுக்குத் துணையாகச் சாதாரண அளவுள்ள பெண் சுண்டெலியைச் சேர்த்து வைப்பதுண்டு. எதற்கு? அதன் உடல்சூட்டுக்காக.

சிறுத்தது எல்லாம் நோயில்லை என்பதால், அளவுக்கு மீறிக் கொழுக்க வைப்பதும் உதவியாகாது. கேம்பிரிட்ஜின் சூசன் ஒசானும் நிக்கலஸ் ஹேல்ஸும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கருவில் ஊட்டம் குறைந்து சிறியதாகப் பிறந்து, பிறகு செழிப்பான செவிலித்தாயிடம் வேகமாக எட்டிப் பிடித்த ஆண் சுண்டெலிகள் சீக்கிரமே இறந்தன. தீனியில் கொழுப்பும் சர்க்கரையும் கூடியபோது நிலைமை இன்னும் மோசம். இப்படி வேகமாக எட்டிப் பிடிப்பதற்கு ஈடுகட்டும் வளர்ச்சி என்று பெயர். அதனால் சவலைக்குப் பால் மறக்கடித்த பிறகு வெல்லம், பிஸ்கட், நிலக்கடலை என்று திணிக்காமல், சாதாரணத் தீனியையே நனைத்துக் குழைத்துத் தரையில் வையுங்கள். தண்ணீர்க் குப்பியின் முனையை எட்ட முடியாமல் தாகத்தில் சாகும் சிறு குட்டிகள் உண்டு. முனையைத் தாழ்த்திக் கட்டுங்கள். மற்றவற்றை 21-ஆம் நாளில் பிரித்தாலும் சவலையை 28 நாள் வரை தாயோடு விடலாம்.

இது நடக்க வேண்டுமானால் தாய் அதற்குள் மறுபடி சினையாகியிருக்கக் கூடாது. குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் பெண் சுண்டெலி மீண்டும் கருத்தரிக்கும். ஆண் கூண்டிலேயே இருந்தால் மூத்தவை பால் மறக்கும் வேளையில் அடுத்த ஈற்று வந்து இறங்கிவிடும், சவலை இன்னும் சவலையாகும். பேறுகாலத்துக்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். குட்டிகளும் ஐந்தாறு வாரத்தில் பருவம் எய்திவிடும் என்பதால், நான்காம் வாரம் முடிவதற்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் தனித்தனியே பிரித்துவிடுங்கள்.